எவாங்கெலியன் பார்க்க உட்காரும் முன்: எந்தப் பதிப்பு, எந்த வரிசை, எங்கே இடறும்?

கேள்வி இதுதான்: நெட்ஃபிளிக்ஸில் 'நியான் ஜெனெசிஸ் எவாங்கெலியன்' என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடர் 26 எபிசோடு இருக்கிறது, பக்கத்திலேயே இரண்டு படங்கள் இருக்கின்றன. பிரைம் வீடியோவில் எண் போட்ட நான்கு படங்கள். எதில் தொடங்குவது, எதை விடலாம்? பழைய டிவிடியில் பார்த்தவர்கள் சொல்லும் பாட்டு ஏன் இப்போது இல்லை? ஒரே எபிசோடு ஒருவரிடம் 23 நிமிடமும் இன்னொருவரிடம் அதைவிட நீளமாகவும் இருப்பது எப்படி?

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். 1 முதல் 26 வரை வரிசையாகப் பாருங்கள். 25, 26 பற்றி யார் என்ன சொல்லிப் பயமுறுத்தினாலும் அவற்றைத் தாண்டாதீர்கள். பிறகு 'தி எண்ட் ஆஃப் எவாங்கெலியன்'. நடுவில் கிடக்கும் 'டெத்(ட்ரூ)²' படத்தை விட்டுவிடலாம். எண் போட்ட நான்கு படங்கள் தனிக் கணக்கு, கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கப் புறப்படுபவருக்கு இவ்வளவு போதும். ஏன் இப்படி என்பதற்குத்தான் நீளமான விளக்கம் வேண்டும். கதையின் முக்கியத் திருப்பங்கள் எதையும் கீழே உடைக்கவில்லை.

பெயரிலிருந்தே ஆரம்பிக்கலாம். கிரேக்கத்தில் 'எவாங்கெலியன்' என்றால் நற்செய்தி, நம்மூர் வேதாகமத்தில் சுவிசேஷம். 'ஞ்ச' இல்லை, 'ங்கெ' தான், ஜப்பானியரும் அப்படித்தான் உச்சரிக்கிறார்கள். ஜப்பானியத் தலைப்பில் 'நியான் ஜெனெசிஸ்' கிடையாது, 'புதிய நூற்றாண்டு' என்று பொருள்படும் 'ஷின் செய்கி' தான் இருக்கிறது. கதை நடப்பது 2015-இல், டோக்கியோ-3 என்ற கோட்டை நகரத்தில். 14 வயதுப் பையன் ஷின்ஜி இகாரி, அப்பா நடத்தும் நெர்வ் அமைப்பின் ராட்சத உயிர்-இயந்திரத்தை ஓட்ட அழைக்கப்படுகிறான். அதற்கு மின்சாரம் முதுகில் மாட்டிய கேபிள் வழியாக வரும். கேபிள் போனால் முழு வேகத்தில் 1 நிமிடம், இழுத்துப் பிடித்தால் 5 நிமிடம், அதோடு நின்றுவிடும். திரையில் நொடிகள் குறைந்துகொண்டே வரும் அந்தக் கடிகாரம் பல சண்டைகளைத் தாங்கிப் பிடிக்கிறது.

டிவி டோக்கியோவில் இது 1995 அக்டோபர் 4 அன்று தொடங்கியது. புதன்கிழமைதோறும் மாலை 6:30, குழந்தைகள் டிவி முன்னால் இருக்கும் நேரம். கடைசி எபிசோடு 1996 மார்ச் 27. நாட்காட்டியை எடுத்து எண்ணிப் பாருங்கள், 26 வாரத்தில் 26 எபிசோடு, ஒரு வாரம்கூட விடுபடவில்லை. கைனாக்ஸ், தட்சுனோகோ என்ற இரண்டு நிறுவனங்கள் தயாரித்தன, இயக்கம் ஹிதேயாகி அன்னோ. இடைவெளி விடாத இந்த ஓட்டம்தான் பின்னால் வந்த எல்லாக் குழப்பத்துக்கும் வேர். கையால் வரைந்து, செல்லுலாய்டில் வண்ணம் பூசி, 16 எம்எம் ஃபிலிமில் படம்பிடித்த தொடர் இது. ஒரு கட்டத்துக்குப் பிறகு வரைகிற கை ஒளிபரப்புத் தேதியைத் துரத்த ஆரம்பித்துவிட்டது. அதன் அடையாளத்தைத் திரையிலேயே பார்க்கலாம். 14-ஆம் எபிசோட்டின் முதல் பாதி பழைய காட்சிகளின் தொகுப்பு. (அதற்காக அதைத் தாண்டிப் போகாதீர்கள், இரண்டாம் பாதி புதியது, ஷின்ஜியைப் போலவே இயந்திரம் ஓட்டும் பெண் ரெய்யின் மனவோட்டம் அதில்தான் வருகிறது.) ஒவ்வொரு எபிசோட்டின் கடைசியிலும், நெர்வ் அதிகாரி மிசாடோவின் குரலில் வரும் 'அடுத்த வாரம்' துணுக்குகள், தொடரின் இறுதியை நெருங்க நெருங்க, முடிக்கப்பட்ட காட்சிகள் இல்லாமல் பென்சில் வரைவுகளுக்கு இறங்கிவிடும்.

அந்த அவசரத்தில் ஒளிபரப்பானதைப் பிறகு திருத்தினார்கள். 21, 22, 23, 24 என்ற நான்கு எபிசோடுகளுக்கும் இரண்டு வடிவங்கள் இருப்பதன் காரணம் இதுதான். முதலாவது 'ஆன் ஏர்' வடிவம், 1996-இல் டிவியில் ஓடியது. இரண்டாவது வீடியோ வடிவம், லேசர் டிஸ்க், விஹெச்எஸ் வெளியீட்டுக்காகச் சில காட்சிகளை மறுபடி வரைந்து, சிலவற்றைப் புதிதாகச் சேர்த்து நீட்டியது. ஆங்கில ரசிகர்கள் இதை 'டைரக்டர்ஸ் கட்' என்பார்கள். 22-இல், இன்னொரு இயந்திரத்தை ஓட்டும் அசுகாவின் சிறுவயதும் மனச்சரிவும் விரிகின்றன. 24-இல் காவோரு என்ற பையன், நெர்வுக்குப் பின்னால் இருக்கும் ரகசியக் குழுவான ஸேலேயோடு, அதாவது கருங்கல் பலகைகளாகத் தோன்றும் அதன் உறுப்பினர்களோடு, பேசும் பகுதி வருகிறது. பார்த்தே தீர வேண்டியவை இவை, ஏனென்றால் 'எண்ட் ஆஃப் எவாங்கெலியன்' படம் இந்த விவரங்களெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்ற எண்ணத்தில் நேராக ஆரம்பிக்கிறது. ஆன் ஏர் வடிவத்தை மட்டும் பார்த்துவிட்டுப் படத்துக்குப் போனவர்கள்தான் 'ஸேலேக்கு என்னதான் வேண்டும்?' என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

உங்கள் கையில் இருப்பது எது என்று கண்டுபிடிக்க நீளத்தைப் பாருங்கள். 20-ஆம் எபிசோட்டையும் 22-ஐயும் ஒப்பிடுங்கள். 22 சில நிமிடங்கள் கூடுதலாக இருந்தால் வீடியோ வடிவம், இரண்டும் ஒரே நீளம் என்றால் ஆன் ஏர். நெட்ஃபிளிக்ஸில் இருப்பது நீண்ட வடிவம்தான். ஆன் ஏர் வடிவத்தை மட்டும் தனியே சேகரிக்க விரும்புபவர்களுக்காக 2015-இல் ஜப்பானில் 'ஆர்கைவ்ஸ் ஆஃப் எவாங்கெலியன்' என்று ஒரு டிவிடி பெட்டியே வந்தது. முதல்முறை பார்ப்பவருக்கு அது தேவையில்லை.

இனி 25, 26. போர்க்களத்தில் நின்ற கதை, திடீரென்று ஒரு பையனின் தலைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்கிறது. காலி மேடை, நாற்காலி, அசையாத புகைப்படங்கள், கோட்டோவியம், திரை முழுக்கக் கேள்வி வாசகங்கள். வெளியே என்ன நடந்தது என்பதற்குப் பதிலே கிடையாது. 1996-இல் கோபப்பட்டவர்கள் ஏராளம். அதன் பிறகு 1997 ஜூலை 19 அன்று வந்த 'எண்ட் ஆஃப் எவாங்கெலியன்' அதே இறுதியை வெளியிலிருந்து சொன்னது. அதன் இரு பாதிகளுக்கும் எண் 25', 26' தான். டிவி எபிசோடுகளை அழித்துவிட்டு வைத்த மாற்று முடிவு என்று அதை எடுத்துக்கொள்வது அவ்வளவு சரியில்லை. ஒரே நிகழ்வை உள்ளே இருந்து பார்ப்பது டிவி, வெளியே இருந்து பார்ப்பது படம் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கும். டிவியின் 25, 26-ஐ விட்டுவிட்டுப் படத்துக்குத் தாவினால், படத்தின் பிற்பாதியில் ஷின்ஜி எடுக்கும் முடிவு காற்றில் தொங்கும். அதற்கான வாதமெல்லாம் டிவியில்தான் நடந்து முடிந்திருக்கிறது.

வேகத்தைப் பொறுத்தவரை ஒரு பரிந்துரை. 26 எபிசோடும் சேர்ந்து சுமார் பத்தரை மணி நேரம். நாளுக்கு இரண்டாகப் பார்த்தால் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். ஆனால் 24-க்குப் பிறகு நீண்ட இடைவெளி விடாதீர்கள். 25, 26, படம் மூன்றையும் ஒரே நாளில், அதிகம் போனால் இரண்டு நாளில் பார்த்துவிடுவது நல்லது. படம் 87 நிமிடம்.

அந்தப் படத்தில் ஆட்கள் தவறாமல் இடறும் இடம் ஒன்று உண்டு. ஏறக்குறைய பாதியில், 25' முடிந்ததும், பாட்டோடு சேர்த்து முழுப் பணியாளர் பெயர்ப் பட்டியலும் ஓடும். படம் முடிந்துவிட்டது என்று எழுந்து போய்விடுகிறார்கள். போகாதீர்கள், 26' இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. உண்மையான முடிவில் பெயர் ஓட்டம் எதுவும் கிடையாது, சட்டென்று வெட்டுப்படும். ஓடிடிக்காரர்களின் 'அடுத்ததைப் பார்' பெட்டி எந்த இடத்தில் முளைத்தாலும், நேரக்கோட்டில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இதே காரணத்துக்காகத் தொடரைத் தொடங்கும் முன்பே நெட்ஃபிளிக்ஸின் தானியங்கி ஓட்டத்தை அணைத்துவிடுங்கள். உலாவியில் கணக்குப் பக்கத்துக்குப் போய், உங்கள் புரொஃபைலைத் திறந்து, பிளேபேக் அமைப்பில் 'அடுத்த எபிசோடு தானாக ஓடட்டும்' என்பதன் டிக்கை எடுத்தால் போதும். எடுக்காவிட்டால் பெயர் ஓட்டம் தொடங்கிய சில நொடிகளில் அடுத்த எபிசோட்டுக்குத் தாவிவிடும், மிசாடோவின் 'அடுத்த வாரம்' துணுக்கு ஒன்றுகூடக் கண்ணில் படாது. கடைசி எபிசோடுகளில் அந்தத் துணுக்குகளைத் தவறவிட்டால், தயாரிப்பு எந்த நிலையில் இருந்தது என்பதற்கான நேரடிச் சாட்சியையே தவறவிட்டதாக அர்த்தம்.

'டெத்' படத்தின் கதை வேறு. 1997 மார்ச் 15 அன்று இறுதிப் படம் வர வேண்டியது, வேலை முடியவில்லை. திரையரங்கு தேதியைக் காப்பாற்ற, டிவி தொடரின் முதல் 24 எபிசோடுகளை வெட்டி அடுக்கி 'டெத்' என்ற தொகுப்பையும், முடிந்திருந்த புதுப் பகுதியை மட்டும் 'ரீபர்த்' என்றும் சேர்த்து 'டெத் & ரீபர்த்' என்று வெளியிட்டார்கள். 'ரீபர்த்' பகுதி நான்கு மாதம் கழித்து வந்த படத்தின் தொடக்கமேதான். 'டெத்' தொகுப்பை இரண்டு முறை திருத்தினார்கள், அதனால்தான் பெயரில் 'ட்ரூ'வும் மேலே ஒரு 2-உம். 1998 மார்ச்சில் அந்த வடிவம் 'எண்ட் ஆஃப் எவாங்கெலியன்' படத்தோடு சேர்ந்து திரையரங்குக்குப் போனது. காலவரிசை இல்லாமல், நான்கு பிள்ளைகள் இசைக்கருவி வாசிக்கும் ஒத்திகையை நடுவில் கோத்துப் பின்னியிருக்கிறார்கள், எடிட்டிங் அழகுதான். ஆனால் அது கதை தெரிந்தவருக்காகச் செய்தது. 'தொடருக்குப் பதில் இதைப் பார்த்தால் நேரம் மிச்சம்' என்று நினைத்தால் ஒன்றும் விளங்காது. அதற்காகப் புதிதாக வரைந்த காட்சிகளில் சில, நீண்ட 21–24 வடிவங்களிலேயே இடம்பெற்றுவிட்டன.

பாட்டு விஷயத்துக்கு வருவோம். ஒவ்வொரு எபிசோட்டின் முடிவிலும், நீரில் கவிழ்ந்து சுழலும் ரெய்யின் உருவத்தின் மேல், 'ஃபிளை மீ டு தி மூன்' என்ற 1954-ஆம் ஆண்டு அமெரிக்கப் பாட்டு வரும். எல்லா எபிசோட்டிலும் ஒரே பதிவு வராது. கிளேர், யோகோ தகாஹாஷி என்று பாடகர் மாறுவார், தாளம் மாறும், சில சமயம் ரெய்க்குக் குரல் கொடுத்த மெகுமி ஹயாஷிபாராவே பாடுவார். இப்படி மாறிக்கொண்டே இருப்பது, கனமான எபிசோட்டுக்குப் பிறகு ஒரு மூச்சு விடும் இடமாக இருந்தது. 2019 ஜூன் 21 அன்று நெட்ஃபிளிக்ஸ் உலகம் முழுக்க வெளியிட்டபோது, ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலான நாடுகளில் பாட்டு இல்லை. அதன் இடத்தில் தொடரின் பின்னணி இசையிலிருந்தே ஒரு பியானோத் துண்டு. 2021-இல் அமெரிக்காவில் ஜிகிட்ஸ் என்ற விநியோக நிறுவனம் வெளியிட்ட புளூ-ரேயிலும் பாட்டு திரும்பவில்லை. வெளியார் இயற்றிய பாட்டு என்பதால் ஒவ்வொரு நாட்டுக்கும், ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனி உரிமை வாங்க வேண்டியிருக்கும். தொடக்கப் பாட்டு தொடருக்காகவே எழுதப்பட்டது, அதனால் அது எல்லா இடத்திலும் பத்திரமாக இருக்கிறது. உங்கள் செட்டிங்கில் பிழை ஒன்றும் இல்லை, தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

மொழிபெயர்ப்புச் சண்டை இன்னும் சுவாரசியம், அதில் தமிழருக்கு ஒரு சாதகமும் உண்டு. 24-ஆம் எபிசோட்டில் காவோரு ஷின்ஜியிடம் பேசும் ஒரு வரியை, ஏடிவி ஃபிலிம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட பழைய ஆங்கிலப் பதிப்பு 'நான் உன்னைக் காதலிக்கிறேன்' என்ற பொருள்படப் போட்டது. 2019 பதிப்பு 'உன்னை எனக்குப் பிடிக்கும்' என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. வேண்டுமென்றே நீர்த்துப்போகச் செய்துவிட்டார்கள் என்று பெரிய கூச்சல். ஜப்பானியத்தில் அவன் சொல்வது 'சுகி'. அது நட்பு, பிரியம், காதல் மூன்றுக்கும் பொதுவான சொல், எது என்பதைச் சூழலும் குரலும் முடிவு செய்யும். ஆங்கிலத்தில் லவ், லைக் என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும், மூலத்தின் இரட்டைத்தன்மை அங்கேயே போய்விடுகிறது. தமிழில் 'உன்னைப் பிடிச்சிருக்கு' என்று சொல்லிப் பாருங்கள். தோழனும் சொல்லலாம், பெண் பார்க்க வந்தவரும் சொல்லலாம், அப்படியே உட்காருகிறது. அந்த இடத்தில் சப்டைட்டிலைக் கண்டுகொள்ளாமல் மனதுக்குள் தமிழில் போட்டுக்கொள்ளுங்கள்.

'ஏஞ்சல்' என்ற சொல்லும் இப்படித்தான். ஷின்ஜியும் மற்றவர்களும் எதிர்த்துச் சண்டையிடும் அரக்கர்களின் பெயர் ஜப்பானிய வசனத்தில் 'ஷிதோ'. வானதூதருக்கு ஜப்பானியத்தில் 'தென்ஷி' என்ற வேறு சொல் இருக்கிறது. 'ஷிதோ' என்பது இயேசுவின் பன்னிருவரைக் குறிக்கும் சொல், நம்மூரில் திருத்தூதர் அல்லது அப்போஸ்தலர். தொடரின் திரை எழுத்துகளிலேயே ஆங்கிலத்தில் 'ஏஞ்சல்' என்று படைப்பாளிகளே போட்டிருப்பதால் ஆங்கிலப் பதிப்புகளைக் குறை சொல்ல முடியாது. அதேபோல் ஷின்ஜி என்ற ஒற்றைப் பையனை 'தேர்ட் சில்ட்ரன்' என்று பன்மையில் அழைப்பது எழுத்துப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள். ஜப்பானிய மூலத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. பழைய பதிப்பு அதை ஒருமையாகத் 'திருத்தியது', 2019 பதிப்பு மூலத்துக்கே திரும்பியது.

டப்பிங்கா, ஜப்பானியக் குரலா? ஜப்பானியம். மெகுமி ஒகாதாவின் ஷின்ஜி ஒரு காரணமே போதும். 'எண்ட் ஆஃப் எவாங்கெலியன்' படத்தில் யூகோ மியாமுராவின் அசுகா இன்னொரு காரணம். ஆங்கிலத்தில்தான் பார்ப்பேன் என்றால், ஸ்பைக் ஸ்பென்சர், டிஃபனி கிராண்ட் குழுவின் பழைய டப்பிங்கும், கேசி மொங்கில்லோ, ஸ்டெஃபனி மெக்கியோன் குழுவின் 2019 டப்பிங்கும் வேறு வேறு. நெட்ஃபிளிக்ஸில் இருப்பது பின்னது. சப்டைட்டில் பட்டியலில் 'சிசி' என்று ஒன்றும் சாதாரணமாக ஒன்றும் இருந்தால் சாதாரணத்தையே தேர்ந்தெடுங்கள். சிசி என்பது டப்பிங் வசனத்தின் எழுத்து வடிவமாக இருக்கும், ஜப்பானியக் குரலோடு போட்டால் வாயும் வரியும் ஒட்டாது. டப்பிங்கில் பார்த்தாலும் 25, 26 வரும்போது சப்டைட்டிலை ஏற்றிவிடுங்கள். பாதி விஷயம் கருப்புத் திரையில் வெள்ளையாக மின்னி மறையும் எழுத்தில்தான் இருக்கிறது, தேவைப்பட்டால் நிறுத்தி நிறுத்திப் படியுங்கள். எபிசோட்டுக்கு இரண்டு தலைப்பு இருப்பதையும் கவனியுங்கள். தொடக்கத்தில் வரும் ஜப்பானியத் தலைப்பும், நடுவில் வரும் ஆங்கிலத் தலைப்பும் ஒன்றின் மொழிபெயர்ப்பு மற்றது அல்ல. இரண்டாம் எபிசோடு ஜப்பானியத்தில் 'பரிச்சயமில்லாத கூரை', ஆங்கிலத்தில் 'மிருகம்'. மருத்துவமனையில் கண்விழிக்கும் பையனும் போர்க்களத்தில் வெறிபிடித்த இயந்திரமும் ஒரே எபிசோட்டின் இரண்டு முனைகள்.

படத்தின் தரத்தில் என்ன வேறுபாடு? 16 எம்எம் ஃபிலிமில் வினாடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்). பழைய ஜப்பானிய, அமெரிக்க டிவி முறைக்கு வினாடிக்கு சுமார் 30 சட்டம் வேண்டும். ஆகவே ஃபிலிமின் 4 சட்டத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்து 5 வீடியோ சட்டமாக நிரப்புவார்கள், அந்த ஐந்தில் இரண்டு, பக்கத்துச் சட்டங்களின் கலவையாக இருக்கும். பழைய டிவிடியைக் கணினியில் ஓட்டும்போது, கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிவது இதனால்தான். பிளேயரில் இந்தக் கோடுகளை மழுப்பும் டீஇன்டர்லேஸ் வசதியைப் போட்டால் குறையும், 5 சட்டத்தை மறுபடி மூல 4 சட்டமாக்கும் தலைகீழ் டெலிசினி வசதி இருந்தால் அதுவே சரியான மருந்து. இன்னொரு குறை, படம் நின்ற இடத்திலேயே லேசாக நடுங்குவது. கேமராவின், ஸ்கேன் இயந்திரத்தின் வாயிலில் ஃபிலிம் மயிரிழை அளவு அசைந்தாலும் அது திரையில் தெரிந்துவிடும். 2003-இல் ஜப்பானில் வந்த 'ரினியூவல்' டிவிடிக்காக ஃபிலிமை மறுபடி ஸ்கேன் செய்து, நடுக்கத்தை நீக்கி, ஒலியை 5.1 சரவுண்ட் ஒலியாகப் பிரித்தார்கள். அமெரிக்காவின் 'பிளாட்டினம்' டிவிடிகள் அந்த மூலத்திலிருந்து வந்தவை. 2015 ஆகஸ்டில் ஜப்பானில் வந்த புளூ-ரே பெட்டிதான் உயர்தரத்துக்கான திருப்பம்.

நடுக்கம் போனதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. 22-ஆம் எபிசோட்டில் அசுகாவும் ரெய்யும் லிஃப்டில் நிற்கும் காட்சி. அசுகா முன்னால், ரெய் பின்னால், இருவரும் பேசுவதில்லை. லிஃப்டின் 'டக், டக்' சத்தம் மட்டும். சுமார் 50 நொடி, அசைவு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. பழைய டேப்பில் ஃபிலிம் நடுக்கமாவது படம் ஓடுகிறது என்று காட்டிக்கொண்டிருந்தது. சுத்தம் செய்த பதிப்பில் அதுவும் இல்லை, ஆகவே இணையம் நின்றுவிட்டது என்று ஆட்கள் ரீலோடு செய்கிறார்கள். சத்தம் வருகிறதா என்று கேளுங்கள், வந்தால் சும்மா இருங்கள். 24-இல் இதைவிட நீளமாக, பீத்தோவனின் ஒன்பதாம் சிம்ஃபொனி ஓட, ஒரு நிமிடத்தை ஒட்டி ஒரே சட்டம் நிற்கும். பணமும் நேரமும் இல்லாததால் செய்தார்கள் என்று கேலி பேசுவது எளிது. ஆனால் அந்த இரண்டு இடத்திலும் அசைவைச் சேர்த்து யோசித்துப் பாருங்கள், காட்சி செத்துவிடும்.

டிவி அமைப்பில் மூன்று காரியம். ஒன்று, தொடர் 4:3 விகிதம், இரு பக்கமும் கருப்புப் பட்டை இருக்க வேண்டும். 'ஜூம்', 'ஃபுல்' என்று இழுத்தால் முகம் தட்டையாகும், அல்லது தலையும் எழுத்தும் வெட்டுப்படும். 'எண்ட் ஆஃப் எவாங்கெலியன்' அகலத்திரைப் படம், அதற்குப் பட்டை இல்லாமல் இருப்பது சரிதான். இரண்டு, மோஷன் ஸ்மூத்திங் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அணையுங்கள். இந்தத் தொடரில் ஒரு ஓவியத்தை 2 அல்லது 3 சட்டத்துக்கு நிறுத்திவைப்பது வழக்கம், அதாவது வினாடிக்கு 12 அல்லது 8 ஓவியம். டிவி இடையில் தானாகச் சட்டங்களைக் கற்பனை செய்து செருகினால் கை, கால் ஓரங்கள் குழம்பும். மூன்று, விளக்கைப் போட்டுவிட்டுப் பாருங்கள். டிவி டோக்கியோவிலேயே 1997 டிசம்பர் 16 அன்று ஒளிபரப்பான போகிமான் எபிசோடு ஒன்றில் வேகமாக மின்னிய ஒளியால் 600-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதன் பிறகுதான் ஜப்பானில் மின்னும் காட்சிகளுக்கு விதிமுறை வந்தது. எவாங்கெலியன் அதற்கு முந்தையது. வலிப்பு நோய் உள்ளவர்கள், 'எண்ட் ஆஃப் எவாங்கெலியன்' படத்தின் பிற்பாதியில் வரும் வேகமான வெட்டுகளில் குறிப்பாகக் கவனமாக இருக்க வேண்டும். மாலை 6:30-க்கு ஓடியது என்பதை நம்பிச் சிறு பிள்ளைகளோடு உட்காரவும் வேண்டாம். தற்கொலை எண்ணம், உடல் சிதைவு, பாலியல் காட்சி எல்லாம் உண்டு. படத்தின் தொடக்கத்தில் வரும் மருத்துவமனைக் காட்சி பெரியவர்களுக்கே சங்கடம் தரும்.

டிஸ்க் வாங்க நினைப்பவர்கள் மண்டலக் குறியைப் பார்க்காமல் பணம் கட்டிவிடுகிறார்கள். புளூ-ரேயில் அமெரிக்காவும் ஜப்பானும் மண்டலம் 'ஏ', பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் 'பி', இந்தியாவும் இலங்கையும் 'சி'. சென்னையிலோ கொழும்பிலோ வாங்கிய பிளேயரில் அமெரிக்க டிஸ்க்கைப் போட்டால் 'இந்த மண்டலத்துக்கு அனுமதி இல்லை' என்று நின்றுவிடும். சிங்கப்பூர், மலேசியாவும் 'ஏ' என்பதால் அங்குள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. டிவிடியின் கணக்கு வேறு: அமெரிக்கா 1, ஜப்பான் 2, சிங்கப்பூர் மலேசியா 3, இந்தியா இலங்கை 5. ஜப்பானின் உள்நாட்டுப் பெட்டிகளில் ஆங்கில சப்டைட்டில் பெரும்பாலும் இருக்காது, விவரப் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள். 'எல்லா மண்டலமும், 26 எபிசோடும் படங்களும் மூன்றே டிவிடியில்' என்று மலிவாக வந்தால் திருட்டுப் பதிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். இரட்டை அடுக்கு டிவிடி ஒன்றில் 8.5 ஜிபிதான் கொள்ளும், ஒன்றில் நாலைந்து எபிசோடுக்கு மேல் திணித்தால் மழைபோலச் சதுரம் சதுரமாக உதிரும்.

ஜிகிட்ஸ் வெளியீட்டில் சாதாரணப் பதிப்பில் 2019 டப்பிங் மட்டும்தான், பழைய ஏடிவி டப்பிங் விலை கூடிய சேகரிப்புப் பதிப்புகளில்தான் வந்தது. ஏடிவி 2009-இல் மூடிய பிறகு, அதன் டிவிடிகளும் கடையிலிருந்து மறைந்து, வெகுகாலம் அமெரிக்காவில் சட்டப்படி பார்க்க வழி குறைந்துபோனதால், பழைய டப்பிங் மீது இவ்வளவு ஏக்கம்.

கடைசியாக, எண் போட்ட நான்கு படங்கள். அன்னோ 2006-இல் தொடங்கிய காரா நிறுவனம் 2007, 2009, 2012, 2021 என்று வெளியிட்டவை. முதல் படம் டிவியின் முதல் 6 எபிசோட்டை ஏறக்குறைய அப்படியே திரும்பச் சொல்கிறது, இரண்டாவது விலகுகிறது, மூன்றாவதில் முற்றிலும் வேறு உலகம். 'இதுவே போதும், பழைய தொடர் எதற்கு?' என்று இங்கிருந்து தொடங்குபவர்கள் மூன்றாவது படத்தில் தொலைந்துபோவார்கள். நான்காவதோ பழைய தொடரோடு நேரடியாகவே பேசுகிறது. எண்களைப் பார்த்து மிரள வேண்டாம். திரையரங்கில் வந்தது 1.0, 2.0, 3.0. வீட்டு வெளியீட்டில் திருத்தியது 1.11, 2.22, 3.33. பெரிய எண்ணே திருந்திய வடிவம். பிரைம் வீடியோவில் 2021 ஆகஸ்ட் 13 அன்று வந்த நான்காவது படத்துக்கு 3.0+1.01 என்று எண். பிறகு டிஸ்க்கில் வந்தது 3.0+1.11. கதை மாறவில்லை, சில காட்சிகளைத் தீட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அது 155 நிமிடம், இரவு பத்து மணிக்கு மேல் ஆரம்பிக்காதீர்கள்.